வேஷம் பாக்குறவனுக்கு, வேர்வை போட்டவனுக்கு

வாய்யா ஆகாச சிப்பாயி, வந்து திண்ணையில ஒக்காரு. ஒக்கார முடியுற வரைக்கும் ஒக்காந்துக்க. நீ செய்யப்போற கவசத்தை மாட்டிக்கினா அந்தப் பாக்கியம் கெடைக்காது.

நீ போன்ல காட்டுன படத்தைப் பாத்தன். தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளை ஓடு, கண்ணு எடத்துல கருப்புக் கண்ணாடி. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துல வர்ற ஸ்டார்ம் ட்ரூப்பராம். நல்ல ஆளாப் பாத்துதான் புடிச்சிருக்க. 1977-ல வந்த அந்த மொதல் படத்துலயே, வெள்ளைக் கவசக்காரன் ஒருத்தன் உள்ள நுழையச்சே கதவுல நெத்தியை இடிச்சிக்குவான். எடுத்தவங்க அத்த வெட்டாம அப்படியே வுட்டுட்டாங்க. 2004-ல டிவிடி போடச்சே, அந்த இடிக்கு ‘டொம்’முன்னு ஒரு சத்தத்தையும் சேத்தாங்க. சினிமா கம்பெனிக்காரன் செஞ்ச தொப்பியிலயே உள்ள இருக்கிறவனுக்குக் கண்ணு தெரியல. நீ யூடியூப் பாத்துச் செய்யற தொப்பியில நல்லாத் தெரியும். கவலையே படாத.

சென்னையில நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல 2024 பிப்ரவரியில காமிக் கான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்களே, அந்தத் திருவிழாவுக்கு நீயும் வேஷம் கட்டிக்கினு போவணும். தாராளமாப் போ. வேலியில போற ஓணானைப் புடிச்சி வேட்டியில வுட்டுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்ட. அது கடிக்காம இருக்க வழி சொல்றதுதானே தாத்தன் வேலை? நானும் விடிய விடிய தெருக்கூத்துல துரியோதனன் கட்டுனவன்தான். ஒண்ணே ஒண்ணு மனசுல வெச்சிக்க. வேஷம் பாக்குறவனுக்கு, வேர்வை போட்டவனுக்கு. படம் புடிக்கிறவன் அரை நிமிஷத்துல அந்தாண்ட போயிடுவான். மிச்ச நேரமெல்லாம் உள்ள வேவப்போறது நீ.

மொதல்ல எதுல செய்யப்போற? தகரம்னியே, ரொம்ப சந்தோஷம். சித்திரை வெயில்ல தகரத்துக்குள்ள நின்னா மத்தியான சோறு தனியா வடிக்க வேணாம். ஃபைபர் கிளாஸுல ஊத்தி எடுக்கலாமான்னு அடுத்து கேட்ட. அது கல்லு மாதிரி நிக்கும், கனமும் ஏறும், ரெசின் நாத்தத்துக்குப் பக்கத்து வூட்டுக்காரன் போலீசைக் கூட்டிக்கினு வருவான். த்ரீ-டி பிரிண்டரு வெச்சிருக்கிற சிநேகிதன் பிஎல்ஏ பிளாஸ்டிக்குல அச்சுப்போட்டுத் தரேன்னானா? தரட்டும். ஆனா அது அறுபது டிகிரி சூட்டுலயே எளக்கம் குடுக்கிற சரக்கு. மூடுன காருக்குள்ள வெயில்ல வெச்சிட்டு டீ குடிக்கப் போனீன்னா, திரும்பி வரச்சே சிப்பாயி மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்கும்.

எங்க கூத்துல கிரீடம், புஜக்கட்டை, மாருல பதக்கம் எல்லாம் மரம்தான். பாக்குறவன் கண்ணுக்கு ராஜா தங்கமா மின்னுவாரு. செஞ்ச ஆசாரி தேடிப்போனது எந்த மரம்? கல்யாண முருங்கை. தேக்கு வாங்க வக்கில்லாம இல்ல. கல்யாண முருங்கைக்குக் கனம் கெடையாது. அதுமேல கண்ணாடிச் சில்லும் ஜிகினாக் காயிதமும் ஒட்டிட்டா விடியற வரைக்கும் எகிறிக் குதிக்கலாம். உனக்குக் கல்யாண முருங்கை ஈவிஏ ஃபோமு. பயந்துக்காத, நம்ம ரப்பர் செருப்பு சாதிதான். கொழந்தைங்க வெளையாட தரையில கோத்து விரிக்கிறாங்களே ஏபிசிடி பாயி, அதேதான். பத்து, பன்னெண்டு மில்லிமீட்டர் கனத்துல மாரும் முதுகும் வெட்டு. நாலு, ஆறு மில்லிமீட்டர் கெடைச்சா கைக்கும் விரலுக்கும் வெச்சிக்க.

அளவெடுக்கறதுதான் பெரிய கூத்து. நெட்டுல எவனோ ஒரு வெள்ளைக்காரன் அளவு கெடைச்சிடுச்சின்னு சொல்ற. அவன் ஆறடி, நீ உங்கம்மா சுட்ட தோசையில வளந்தவன். பெப்பகுராங்கிற ஜப்பான்காரன் சாப்ட்வேருல எடுத்த காயித அச்சானாலும், உன் ஒசரத்துக்கும் அகலத்துக்கும் மாத்திக்கினு, அட்டையில ஒரு தரம் வெட்டி ஒட்டி மாட்டிப் பாரு. இல்லன்னா, சோத்துப் பாத்திரம் மூடற பிளாஸ்டிக் தாளை உடம்புல சுத்தி, அதுமேல டேப்பை ஒட்டச் சொல்லி, பேனாவால கோடு போட்டு, கத்திரியால பதமா வெட்டி எடுத்தா உன் உடம்பே அச்சா வந்துடும். வெட்டற சிநேகிதன்கிட்ட உனக்குக் கடன் பாக்கி இல்லாம பாத்துக்க. உள்ள போடற துணியும் கால்ல போடற பூட்சும் மாட்டிக்கினுதான் அளவு எடுக்கணும். வயிறு நெறைய சாப்புட்டுட்டு எடு. பட்டினி வயித்துக்குத் தெச்ச கவசம் பிரியாணி தின்னா மூச்சு முட்டும்.

உடம்பு மடங்குற எடத்துல ஓடு வரக்கூடாது. எறா உரிக்கச்சே பாத்திருப்பியே, ஓடு ஓடா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்கும்; நடுவுல மெல்லிசா சவ்வுதான் இருக்கும். முட்டி, முழங்கை, அக்குள், தொடைச்சந்து எல்லாத்துலயும் அந்தச் சவ்வுக்கு எடம் வுடு. கையை ஒசத்திப் பாரு, குந்திப் பாரு, குனிஞ்சி செருப்பைத் தொட்டுப் பாரு. எங்க குத்துதோ அங்க தயவு தாட்சண்யம் பாக்காம வெட்டு. வீரத்துக்கு ஒரு அங்குலம் கொறைஞ்சா ஒண்ணும் கெட்டுடாது.

வெட்டறதுக்குப் புது பிளேடு போடு. ஃபோமு பிளேடோட மொனையைத் தின்னுடும். மழுங்குனதை வெச்சி இழுத்தா வெட்டாது, பிய்க்கும். ஒட்டறதுக்கு எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசை வாங்கி, ரெண்டு பக்கமும் தடவி, கையில ஒட்டாத பதத்துக்குக் காயவுட்டு, அப்புறம்தான் சேக்கணும். சேத்தா சேத்ததுதான், தள்ளி ஒட்டறதுங்கிற பேச்சே கெடையாது. கல்யாணத்துக்கு முன்னாடி இந்தப் பழக்கம் வந்துட்டா நல்லதுதான். ஜன்னலைத் தெறந்து வெச்சிக்க, மூக்குக்கு மாஸ்க்கு போட்டுக்க. அப்புறம் ஹீட் கன்னைக் காட்டு. மேல்தோல் மூடிக்கினு லேசா மினுமினுப்பு வரும். சூடு இருக்கச்சே வளைச்சிப் புடிச்சா, ஆறுனப்புறமும் அந்த வளைவுலயே நிக்கும். பச்சை ஃபோமுல பெயிண்டு அடிச்சா குடிச்சிக்கினே போவும். வெள்ளை ஃபெவிகாலைத் தண்ணியில கரைச்சி நாலு கை பூசிக் காயவுட்டு, அதுக்கு மேல அடி.

இம்மாம் நேரம் சொன்னதெல்லாம் ஊருக்குத் தெரியற வேலை. இனிமே சொல்றது யாருக்கும் தெரியாத வேலை. பெயிண்டுக்கு பத்து நாளு செலவு பண்றவன், வாருக்கு பத்து நிமிஷம் செலவு பண்ணமாட்டான். அதனாலதான் விழாவுல பாதிப்பேரு ஒரு கையால தொடையைப் புடிச்சிக்கினே நடக்கறான்.

தொடை ஓட்டை எடுத்துக்க. தொடை மேல அகலம், கீழ சிறுசு. எம்மாம் இறுக்கிக் கட்டுனாலும் நடக்க நடக்க வழுக்கி முட்டியில வந்து குந்திக்கும். அத்த தொடையில கட்டாத, இடுப்புல தொங்கவுடு. சட்டைக்கு உள்ளாற, ஸ்கூல் பைக்குப் போடற ரெண்டங்குல நைலான் பட்டையில ஒரு பெல்ட்டு. அதுலேருந்து முன்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு, ரெண்டு வாரு எறக்கி தொடை ஓட்டோட பிரஸ் பட்டன் வெச்சி மாட்டு. வாருல ஒரு துண்டு எலாஸ்டிக் சேத்துத் தெச்சிக்க. படியேறச்சே நீண்டு குடுக்கும். எங்க கிளுக்குன்னு புட்டுக்கும்னு தெரியாம இருக்கிறதை வுட, இழுத்தா கழண்டுக்கிற பட்டனா இருக்கறது நல்லது. மாரு கவசத்தோட பாரம் தோளுல ஏறும். அங்க உள்பக்கம் மெத்தையா ரெண்டு துண்டு ஃபோமு ஒட்டிக்க. அக்குள் ஓரத்தை உப்புத்தாளு போட்டுத் தேச்சி வழவழன்னு ஆக்கு. வெல்க்ரோவுல பின்னாடி வர்ற பசையை நம்பாத; வேர்வையிலயும் சூட்டுலயும் அது கையை விரிச்சிடும். தெச்சிடு.

உள்ள இன்னா போடுவ? பருத்தி பனியன்தான் நம்ம வெயிலுக்குன்னு உங்க பாட்டி சொல்லுவா. வெறும் உடம்புக்கு அது சரி. கவசத்துக்குள்ள பருத்தி தண்ணியை வாங்கி வெச்சிக்கினு விடவே விடாது. ஓட்டப்பந்தயக்காரங்க போடற ஒட்டுன துணி, கழுத்துலேருந்து கணுக்கால் வரைக்கும் கருப்புல வாங்கிப் போடு. தொடை இடுக்குல வாசலின் தடவிக்க. தடவாதவன் நடக்கற நடையைச் சாயங்காலம் பாத்தா, போருல தோத்து வந்த சேனை எப்படி வந்திருக்கும்னு வெளங்கும்.

அடுத்தது தலை. தொப்பி உள்ளாற பைக் ஹெல்மெட்டு மெத்தையைக் கழட்டி ஒட்டு; ஆடாம நிக்கும். கம்ப்யூட்டர்ல போடற சின்ன ஃபேனு, அஞ்சு வோல்ட்டுல ஓடறதா ரெண்டு வாங்கு. ஒண்ணு காத்தை உள்ள இழுக்கட்டும், ஒண்ணு வெளிய தள்ளட்டும். ரெண்டையும் ஒரே பக்கமா வெச்சிட்டு, ‘காத்தே வரல தாத்தா’ன்னு எனக்கு போன் பண்ணாத. பவர் பேங்க்கை முதுகு ஓட்டுக்குள்ள சொருவிக்க. மூச்சுக் காத்து பட்டா கண்ணாடியில பனி படியும். பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணியை ஒரு சொட்டு தேச்சி, காஞ்ச துணியால தொடைச்சிட்டா கொஞ்ச நேரம் தாங்கும். எப்படி இருந்தாலும் உன் கால் உனக்குத் தெரியாது. பக்கத்துல குட்டிப் பசங்க நின்னா தெரியாது. பேசறதும் பாதிதான் காதுல வுழும். அதனால ஒரு ஆளைக் கூட கூட்டிக்கினு போ. கையைப் புடிச்சி படி எறக்கவும், ஸ்ட்ரா போட்டுத் தண்ணி குடுக்கவும், செல்போனு வெச்சிக்கவும். எங்க கூத்துல ராஜா வர்றதுக்கு முன்னாடி தெரை புடிக்க ரெண்டு பேரு வருவாங்க. ராஜாவுக்கே ரெண்டு ஆளு தேவைன்னா, சிப்பாயிக்கு ஒண்ணு கௌரவக் கொறைச்சல் இல்ல.

இப்ப நான் கேக்கற கேள்விக்கு வெக்கப்படாம பதில் சொல்லு. ஒண்ணுக்கு எப்படிப் போவ?

சிரிக்காத. கவசக்காரனுங்க கதையில முக்கால்வாசி இதுதான். 1987-ல ‘ரோபோகாப்’னு ஒரு படம். பீட்டர் வெல்லர்னு நடிகரு இரும்பு போலீசா நடிச்சாரு. டிரஸ்ஸோட அவரால காருக்குள்ள ஏற முடியல. காருல ஒக்காந்திருக்கிற மாதிரி வர்ற காட்சிக்கு மேல்பாதி மட்டும் இரும்பு. கீழ வெறும் ஜட்டி. ‘ஸ்டார் வார்ஸ்’ல தங்க ரோபோவா வந்த ஆண்டனி டேனியல்ஸ் ஒக்காரவே முடியாம, பலகையில சாஞ்சிக்கினுதான் களைப்பாறுவாராம். சம்பளம் வாங்குனவங்களுக்கே இந்தப் பாடு. உன் இடுப்பு ஓடு தனியா கழண்டு வரணும், உள்துணியில ஜிப்பு இருக்கணும், கையுறையைக் கழட்ட நிமிஷத்துக்கு மேல ஆவக்கூடாது. இதுக்குப் பயந்துக்கினு தண்ணி குடிக்காம இருக்கறதுதான் பெரிய முட்டாத்தனம். உப்பும் சக்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளு. தலை சுத்துனாலோ, குமட்டுனாலோ, பேச்சு கொழறுனாலோ வீரமெல்லாம் காட்டாத. மொதல்ல தொப்பியைக் கழட்டு, நெழல்ல படு, ஈரத்துணி போடச் சொல்லு.

போவச்சே கவசத்தைப் பொட்டியில வெச்சி எடுத்துக்கினு போய், அங்க மாட்டு. ஆட்டோவுல இத்தப் போட்டுக்கினு ஏறுனீன்னா எறங்கறதுக்கு வெல்டிங் கடைக்காரன் வேணும். துப்பாக்கியும் ஃபோமுலயே செய். இரும்புக்கொழாயைப் பாத்தா வாசல்ல இருக்கிற காவல்காரன் வுடமாட்டான். சூப்பர் க்ளூ, டேப்பு, ஊக்கு, நாலு கேபிள் டை ஒரு பையில போட்டுக்க. அமெரிக்காவுல 501-வது லெஜியன்னு ஒரு கூட்டம் 1997-ல ஆரம்பிச்சாங்க. இதே வில்லன் கவசத்தைச் சொந்தமா செஞ்சி மாட்டிக்கினு ஆஸ்பத்திரிப் பிள்ளைங்களைப் பாக்கப் போறாங்க, தருமத்துக்குப் பணம் சேக்கறாங்க. பிள்ளைங்க எதிர்ல ‘அய்யோ தொடை’ன்னு சொரிஞ்சிக்கினு நின்னா நல்லாவா இருக்கும்? அதனால அவங்களும் வாரு, துணி, ஃபேனுன்னு இந்த வேலையெல்லாம் பாத்துதான் ஆவணும்.

கடைசியா வெள்ளோட்டம். கண்ணாடி முன்னால அஞ்சு நிமிஷம் நின்னு செல்ஃபி எடுக்கறது வெள்ளோட்டம் ஆவாது. முழு வேஷத்தையும் மாட்டிக்கினு அரை நாளு நடக்கணும், குனியணும், குந்தணும், எழுந்திரிக்கணும், பாரம் தூக்கணும், வெயில்ல நிக்கணும். எந்த வாரு அறுவுது, எந்த ஓரம் கிழிக்குதுன்னு அப்பதான் தெரியும். பட்டணத்துல அதுக்கு எடம் ஏது? கெழக்குக் கொல்லையில மல்லாட்டை முத்திப்போயி நிக்குது, புடுங்க ஆளே கெடைக்கல. ஞாயித்துக்கெழமை காலையில ஆறு மணிக்குக் கவசத்தோட வந்துடு. உன் சேனையில இன்னும் நாலு சிப்பாயி இருந்தா, அவங்களையும் கூட்டிக்கினு வா.