பென்சிலுக்கு ஒரு டிக்கெட்

இங்கிலாந்தின் வடமேற்கில் கெசிக் என்றொரு சிற்றூர். ஏரி உண்டு, மலை உண்டு. பார்க்கத்தான் மழை விடாது. பக்கத்திலுள்ள சீத்வெயிட், இங்கிலாந்திலேயே அதிகம் நனையும் குடியிருப்பு. ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர்! ஆக, மலை பார்க்க வந்த கூட்டம் சொட்டச் சொட்ட ஒதுங்கும் இடம், பென்சில் அருங்காட்சியகம்.

பிள்ளைகள் வாரத்துக்கு ஒன்றாய்த் தொலைக்கும் சாமானைக் காசு கொடுத்துப் பார்ப்பதா என்று சிரிக்க வேண்டாம். பக்கத்துப் போரோடேல் பள்ளத்தாக்கில் கிடைத்த, பென்சிலுக்கு உயிரான கிராஃபைட்டால் முதலில் ஆட்டுக்குத்தான் அடையாளம் போட்டார்களாம். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கு உதவும் என்று தெரிந்ததும் வந்தது யோகம்: சுரங்கத்துக்குக் காவல், 1752இல் திருடர்களுக்கென்றே தனிச் சட்டம். இரண்டாம் உலகப் போரிலோ பென்சிலுக்குள் வரைபடத்தையும் திசைகாட்டியையும் ஒளித்து விமானப் படையினரிடம் கொடுத்தார்கள்.

இவ்வளவு இருந்தும் கூட்டம் முண்டியடிப்பது, ஏறக்குறைய 8 மீட்டர் நீள மஞ்சள் பென்சிலோடு படம் எடுக்கத்தான். அதைச் சீவ ஷார்ப்னருக்கு எங்கே போவது?

2015 டிசம்பர் புயலில் வெள்ளமும் டிக்கெட் எடுக்காமல் உள்ளே புகுந்தது. அது பார்த்துவிட்டுப் போன பிறகு, மற்றவர்களுக்குக் கதவு திறக்க 2017 ஆயிற்று.