சூறாவளிக்கு முந்தின கத்தரிக்கோல்

மகள் கொழும்புக்குப் படிக்கப் போனபோது எனக்கு விட்டுப்போன சொத்து இரண்டு. ஒன்று அவளுடைய பழைய செல்போன். மற்றது அதற்குள் இருந்த கொலைகள்.

'கிரிமினல் கேஸ்' என்ற விளையாட்டு அது. பாரிஸிலுள்ள பிரெட்டி சிம்பிள் என்ற நிறுவனம் 2012இல் முகநூலில் தொடங்கியது. சாமான்கள் குவிந்த ஓர் அறை வரும். கீழே பட்டியல் வரும். சாவி, குடை, பல்லி என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். தொட்டால் கொலையாளி கொஞ்சம் கிட்ட வருவான். பல்லிக்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. நான் ஆடுவது அதன் 'டிராவல் இன் டைம்' பகுதி. நூற்றாண்டு விட்டு நூற்றாண்டு தாவி, செத்தவரைப் பார்த்து, சாமான் பொறுக்கி, கொன்றவரைப் பிடிக்க வேண்டும். ஒரு தடவை தேட 20 சக்தி போகும். தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோடம்பழச்சாறு குடிக்க வேண்டும். எனக்கில்லை, துப்பறிவாளருக்கு.

இப்படி நான் சரித்திரத்தையே திருத்திக்கொண்டிருந்த ஒரு கிழமையில்தான், ஓர் அலுவலகத்தில் என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டார்கள். மூலப்பிரதிதான் வேண்டுமாம். புதிதாகவும் எடுக்கலாம், பதிவிலக்கம் தெரிந்தால் சுகம் என்றார்கள். பதிவிலக்கம் எங்கே இருக்கும்? காணாமல் போன பத்திரத்தில் இருக்கும்.

கல்லடி வீட்டின் அலுமாரி, மேசை லாச்சி, மெத்தையின் கீழ் எல்லாம் தேடினேன். விளையாட்டில் முப்பது விநாடியில் பன்னிரண்டு சாமான் எடுப்பவன், சொந்த வீட்டில் மூன்று மணி நேரத்தில் எடுத்தது ஒற்றைச் செருப்பு ஒன்றும் தேள் ஒன்றும்.

கடைசியில் அம்மாவிடம் போனேன். அம்மாவிடம் 'எங்கே' என்று கேட்பதில் பிரயோசனமில்லை. அவவிடம் இடம் கிடையாது, காலம்தான் உண்டு. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம், எழுபத்தெட்டுச் சூறாவளி, தொண்ணூறு யுத்தம், சுனாமி என்று நாலு லாச்சி. வீட்டின் எந்தச் சாமானும் இவற்றில் ஒன்றுக்கு முந்தியோ பிந்தியோதான் இருக்கும்.

"என்ட பேர்த் சேட்டிபிக்கற் எங்கம்மா?"

"நீ சூறாவளிக்கு முதல் வருசமெல்லா பிறந்த. அப்ப அது பெட்டகத்துக்குள்ள இரிந்த."

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு காற்று கூரையைக் கொண்டு போனது. பெட்டகம் மிஞ்சியது, கடுதாசிகள் ஊறிப் போயின. அம்மா முற்றத்தில் பாய் விரித்து, ஒவ்வொன்றின் மேலும் கல் வைத்துக் காயப் போட்டாவாம். என் பத்திரத்துக்கு வைத்த கல்லின் நிறம்வரைக்கும் சொன்னா.

"மறுகா?"

"மறுகா தொண்ணூறில ஓடக்குள்ள சீலைக்குள்ள சுத்திக் கொண்டு போன. திரும்பி வந்து தட்டில வெச்சன்."

அந்தத் தட்டு, அலுமாரி, பெட்டகம் எல்லாவற்றையும் 2004 டிசம்பரில் கடல் எடுத்துக்கொண்டது. அத்தோடு எழும்பப் பார்த்தேன். தேத்தண்ணி ஒன்று ஊத்தித் தரச் சொன்னா அம்மா. துப்பறியும் இயந்திரம் எதுவானாலும் இடையில் ஏதாவது ஊற்றத்தான் வேண்டியிருக்கிறது.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் ஊரே இப்படிப் பின்னால் போய்த் தேடும் ஊர்தான். வீட்டுக்குப் பக்கத்தில் உப்போடையில் விபுலானந்த அடிகளின் சமாதி இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்குள் நுழைந்து, தமிழர் தொலைத்துவிட்ட யாழைத் தேடியவர் அவர். ஆண்டுக்கணக்கில் தேடி, 1947 ஜூனில் 'யாழ் நூலை' அரங்கேற்றிவிட்டு, அடுத்த மாதமே கண்ணை மூடினார். அவருக்குக் குறிப்புக் காட்டும் பொத்தான் ஏதும் இருக்கவில்லை. வாவிக்குள் வேறொரு வழக்கு. தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும் பாட்டைப் பாடுவது மீனா, ஊரியா? 1848இல் இங்கு வந்து கேட்ட காலனி அதிகாரி எமர்சன் டெனன்டுக்கு மீனவர்கள் காட்டிக்கொடுத்தது ஊரியை. ஊர் பெயர் எடுத்ததோ மீனால். சந்தேக நபர் இருவரும் இன்னும் தண்ணீருக்குள்தான்.

தேத்தண்ணி பாதியில் அம்மாவின் முகம் தெளிந்தது.

"இஞ்ச பார் மனே, கடல் வாறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தி கொக்கட்டிச்சோலை மாமி அத வாங்கிக்கொண்டு போன. உனக்குப் பொம்புள பாத்தவ. உன்ட தலையப் பாத்துப்போட்டு, வயசக் குறைச்சுச் சொல்றயள் எண்டு அவங்க சொன்னாங்களாம்."

அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. பெண் வீட்டுக்காரர் என் வயதை நம்பினார்கள், தலையை மன்னிக்கவில்லை. பத்திரத்தைத் திருப்பிக் கேட்க இரண்டு பக்கத்துக்கும் வெட்கம். இப்படி, என் முன்வழுக்கையின் புண்ணியத்தில், எழுவான்கரையில் கடல் புகுந்த அன்று நான் பிறந்ததற்கான சாட்சி மட்டும் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் பத்திரமாக இருந்திருக்கிறது.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி மண்முனை. முந்தி அந்த இடத்தில் ஓடத்துக்குக் காத்து நிற்க வேண்டும். 2014இல் பாலம் வந்துவிட்டதால் அந்தச் சக்தி மிச்சம்.

மாமியின் விறாந்தையில் நின்றதும் பழக்கதோசத்தில் கண் தேடத் தொடங்கிவிட்டது. உரல், தயிர்ச்சட்டி, அடைக்கோழி, வலைப் பொத்தல் தைக்கும் ஊசி... விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொடப் போனேன்.

"என்ன மருமகன், கோழியோட என்ன கதை? இரிங்க" என்றா மாமி. கதிரையில் ஏறி, சுவரிலிருந்த தான்தோன்றீஸ்வரர் தேர்ப் படத்தைக் கழற்றி, பின் அட்டையைப் பிரித்தா. கறையான் படாமலிருக்க இருபது வருசத்துக்கு மேலாக அங்கே வைத்திருந்தாவாம். மங்கிய எழுத்து, ஒரு மூலையில் கல்லின் தடம். பதிவிலக்கம் தெளிவாகத் தெரிந்தது.

இரவு வெற்றியோடு கட்டிலில் சாய்ந்து போனைத் திறந்தேன். சக்தி 110 நிரம்பியிருந்தது. பழங்கால வீடொன்றின் அறை. எல்லாம் எடுத்துவிட்டேன், கத்தரிக்கோல் மட்டும் அகப்படவில்லை. விநாடி ஓடுகிறது. வெற்றிலை இடிக்க வந்த அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"அந்தா, விளக்குக்குப் பின்னால இரிக்கு. சூறாவளிக்கு முந்தி நம்மட வீட்டிலயும் அங்கதானெ வெச்சிரிந்த."