பிறந்தநாளுக்கு ஒரு பிரபஞ்சம்

எழுபது வயது நண்பருக்கு என்ன கொடுப்பார்கள்? சால்வை, பழத்தட்டு, மிஞ்சினால் ஒரு கைக்கடிகாரம். 1949 மார்ச்சில் ஐன்ஸ்டைனுக்கு 70 நிறைந்தது. பிரின்ஸ்டனில் தினமும் அவரோடு வீட்டுக்கு நடக்கும் கர்ட் கோடல் கொடுத்தது, கடிகாரத்துக்கே வேலை இல்லாத ஒரு பிரபஞ்சம்.

கோடல் லேசுப்பட்ட ஆள் இல்லை. கணிதத்தில் உண்மையாக இருந்தும் நிரூபிக்க முடியாதவை உண்டு என்று 1931இல் நிரூபித்து, பெரிய பெரிய மேதைகளின் தூக்கத்தைக் கெடுத்தவர். கோடையிலும் ஓவர்கோட். 1947இல் அமெரிக்கக் குடியுரிமைக்குப் போன இடத்தில், உங்கள் அரசியல் சாசனத்தில் சர்வாதிகாரி நுழைய ஓட்டை இருக்கிறது என்று நீதிபதியிடமே ஆரம்பித்துவிட்டார். சாட்சியாகப் போயிருந்த ஐன்ஸ்டைனுக்கு வியர்த்திருக்கும்.

அந்த ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளையே எடுத்து, பிரபஞ்சம் மொத்தமும் சுழன்றால் என்ன ஆகும் என்று கோடல் போட்டுப் பார்த்தார். கணக்கு சுத்தம். விடைதான் வில்லங்கம். சுழற்சி ஒளியின் போக்கையே சாய்த்துவிடுகிறது. போதுமான தூரம் வட்டமடித்தால் நேற்றைக்கு வந்து சேரலாம். காலையில் புறப்பட்ட தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருகிறது, அங்கே இன்னும் வடமே பிடிக்கவில்லை! ஒளிவேகத்தில் சுமார் 71 சதவீதமாவது வேண்டும். எரிபொருள் எவ்வளவு பிடிக்கும் என்று அதற்கும் மனிதர் கணக்குப் போட்டார்.

நாமெல்லாம் கால இயந்திரம் என்று துள்ளுகிறோம். அவருக்கு அது பொருட்டே இல்லை. போய்ப் பார்க்க முடிகிற நேற்று கழிந்த நேற்று ஆகுமா? ஆகாது, ஆகவே காலம் ஓடுவதாக நினைப்பதே பிரமை என்பதுதான் அவர் கட்சி. பிறந்தநாள் வீட்டில் பேசுகிற பேச்சா இது!

ஐன்ஸ்டைன் கௌரவமாகப் பாராட்டிவிட்டு, இயற்பியல் காரணம் காட்டி இதைத் தள்ள முடியுமா என்று யோசிக்க வேண்டும் என எழுதினார். தள்ளுவதற்குக் காரணம் கையிலேயே இருந்தது: நம் பிரபஞ்சம் விரிகிறது, கோடலுடையது விரியாது.

கோடல் விடுவாரா? விரிந்துகொண்டே சுழலும் பிரபஞ்சங்களையும் அடுத்த ஆண்டே போட்டுவிட்டார். நம் பிரபஞ்சமும் சுழல்கிறதா என்று பார்க்க, கேலக்ஸிப் படப் புத்தகத்தைத் திறந்து, ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்தார். எதுவும் ஒத்துழைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஈர்ப்பைப் பற்றித் தலையணை கனத்தில் புத்தகம் எழுதிக்கொண்டிருந்த இயற்பியலாளர் வீலரும் நண்பர்களும் கோடலைப் பார்க்கப் போனார்கள். அவர் முதலில் விசாரித்தது, அதில் கேலக்ஸிகளின் சுழற்சி பற்றி என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதைத்தான். எழுதவில்லை என்றதும் முகம் வாடிவிட்டது.