கடையில வாங்குன மாதிரியே இருக்கு

சிங்கப்பூரிலிருந்து அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டேய், உங்க அத்தான் வீட்டுலயே காய்ச்ச ஆரம்பிச்சுட்டாருடா" என்றாள்.

ஆலங்குளத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு செய்தியைக் கேட்பவனுக்கு, ஜாமீனுக்கு யாரைப் பிடிக்கலாம் என்பதுதான் முதலில் தோன்றும். (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை, எங்களுடையது சிமெண்ட் ஆலை ஆலங்குளம்.) 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் நம் தலைக்கு மேல்தான் இருக்கிறது. அரசாங்கம் டாஸ்மாக் கடை வைத்து விற்கலாம், நாம் வாங்கலாம், குடிக்கலாம், வாய்க்கால் ஓரமாக விழுந்தும் கிடக்கலாம். வீட்டில் ஒரு பானையை அடுப்பில் ஏற்றினால் மட்டும் போலீஸ் வரும். பனையிலிருந்து சும்மா இறக்குகிற கள்ளுக்கே 1987லிருந்து தடை.

சிங்கப்பூரில் கதை வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. சூயிங்கம் விற்றால் தண்டனை தருகிற ஊர் அது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு என்றால் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமமே இல்லாமல் பீர் போட்டுக்கொள்ளலாம். விற்கக்கூடாது, வாலை வைத்து வடிக்கக்கூடாது, 18 வயது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அத்தானுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, சட்டத்துக்குப் பயந்த மனுஷர். ஒரு ஈட்டுக்கு 20 லிட்டருக்கு மேல் போவதில்லை.

விடுமுறைக்குப் போய் நேரிலேயே பார்த்தேன். யீஷூனில் அடுக்குமாடி வீடு. அடுப்படியில் கல்யாண வீட்டு அண்டா மாதிரி ஒரு பாத்திரம். பக்கத்தில் அத்தான், இடுப்பில் துண்டு, கையில் தெர்மாமீட்டர்.

"என்ன அத்தான் போடுறீங்க?"

"டைகர், மாப்ளே."

டைகர் பீர் 1932லிருந்து அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சரக்கு. ஹைனெக்கனும் ஃபிரேசர் அண்ட் நீவும் சேர்ந்து தொடங்கிய மலாயன் புருவரீஸ் கொண்டுவந்தது. கீழே இறங்கினால் முதல் கடையிலேயே குளிரக் குளிரக் கிடைக்கும். அதை எதற்கு வீட்டில் செய்ய வேண்டும்?

"நம்ம கையால செய்யணும். ஆனா கடையில வாங்குன மாதிரியே இருக்கணும். அதுதான் மாப்ளே வித்தை!"

எனக்கு இங்கேதான் இடித்தது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு கடையில வாங்குன மாதிரியே இருக்கு மதினி" என்று சொல்லிவிட்டு அந்தத் தெருவில் மறுபடி நடமாட முடியாது. அத்தானோ அந்த வசவைக் காதால் கேட்பதற்காகச் சம்பளத்தில் பாதியைச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

செய்முறையில் எங்கள் அம்மாவுக்குத் தெரியாதது பெரிதாக ஒன்றுமில்லை. பார்லியை முளைகட்டிக் காயவைத்தால் மால்ட். கேப்பையில் இதைச் செய்துதான் எங்களுக்குக் கூழ் கொடுத்து வளர்த்தார்கள். மால்ட்டை நொறுக்கி, 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். வடித்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். டைகர் மாதிரியான கடை பீர் லாகர் வகை; அதன் உடம்பு கனமில்லாமல் இருப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. அமெரிக்காவின் பட்வைசரில் அரிசி சேர்ப்பார்கள். அத்தானும் சேர்த்தார். அரிசியை முதலில் தனியாகக் குழைய வேகவைக்க வேண்டும். அக்காவின் பொன்னி அரிசியை அவர் கஞ்சியாக்குவதைப் பார்த்து அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "இதுல ஒரு கரண்டி எனக்கு ஊத்துவீங்களா, இல்ல எல்லாத்தையும் புளிக்க வைக்கப் போறீங்களா?"

அடுத்தது ஃபிரிட்ஜ். ஏல் என்கிற இன்னொரு பீர் வகைக்கு ஈஸ்ட் 20 டிகிரி சுற்றுவட்டாரத்தில் வேலை செய்யும். லாகர் ஈஸ்ட் மேட்டிமைக்காரன், 10 டிகிரி இருந்தால்தான் ஒழுங்காக நடந்துகொள்வான். சிங்கப்பூரில் 10 டிகிரி என்பது ஃபிரிட்ஜுக்குள் மட்டும்தான் உண்டு. அங்கே இரண்டு வாரம் நுரைத்த பிறகு, உறைகிற நிலைக்குச் சற்று மேலே இன்னும் பல வாரங்கள் கிடக்க வேண்டும். அந்தக் குளிர்ச்சிறையிலிருந்துதான் லாகர் அத்தனை தெளிவோடு வெளியே வருகிறது. அந்த வாரங்கள் முழுக்க அக்காவின் இட்லி மாவு வெளியே நின்றது. சிங்கப்பூர் வெக்கையில் மாவு இரவோடு இரவாகப் பொங்கி மேடையெல்லாம் வழிந்து, காலையில் பேரக்குழந்தை மாதிரி எங்களை வரவேற்கும். ஒரே வீட்டில் இரண்டு புளிப்பு. ஒன்றுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி, பதிவேடு, டென்மார்க் வரலாறு. இன்னொன்றுக்கு அக்காவின் கை. தினமும் ஒரே மாதிரி வந்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டென்மார்க் வரலாறு என்றேனே, அதை அத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து சுத்தமான வம்சத்தை வளர்த்தெடுத்தார். அதற்கு முன் பீர் கெட்டால் விதி; அதற்குப் பின் பீர் கெட்டால் நிர்வாகம். அந்த ஈஸ்ட்டை கார்ல்ஸ்பர்க் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. "பக்கத்து வீட்டுக்கு உறைமோர் குடுக்கலையா, அந்த மாதிரி" என்று அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

முதல் லாகரில் வெண்ணெய் வாசம் அடித்தது. ஈஸ்ட் விட்டுவைக்கிற டைஅசிட்டில் என்ற பொருள் அது. கடைசியில் இரண்டு நாள் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்துவிடும். கறுப்பு பீரில் பத்துக் குறை இருந்தாலும் வறுத்த வாசம் மூடிக்கொள்ளும். லாகரில் ஒளிய இடமே கிடையாது. ஒன்றுமே இல்லாதது போன்ற ஒரு ருசியை வருஷம் முழுக்க, எல்லா பாட்டிலிலும் கொண்டுவருவதற்குத்தான் அவ்வளவு பெரிய ஆலை. அதை ஒரு அண்டாவை வைத்து எட்டிப்பிடிக்க நினைக்கிறவரை நான் பரிதாபத்தோடு பார்த்தேன் என்று சொல்லலாம். உண்மையில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

ஏல் பக்கம் அத்தான் போனது ஜிப்சத்தால். இங்கிலாந்தில் பர்ட்டன் ஊர்த் தண்ணீரில் இயற்கையாகவே ஜிப்சம் கரைந்திருக்கும். இந்தியாவுக்குக் கப்பலேறிய அந்தப் பழைய பேல் ஏலுக்குக் கசப்பு கூர்மையாக வந்தது அதனால்தான். மற்ற ஊர்க்காரர்கள் தண்ணீரில் ஜிப்சத்தை அள்ளிப் போட்டுப் பர்ட்டனாக்கிக்கொள்வார்கள். அத்தான் கிராம் தராசில் வெள்ளைத் தூளை நிறுத்தபோது அக்கா முகம் மாறியது. அவள் வளர்ந்தது சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில். கிளிங்கரை அரைக்கும்போது சிமெண்ட் சட்டென்று இறுகிவிடாமல் இருக்க ஜிப்சம் சேர்ப்பார்கள் என்பதை அப்பா சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம்.

"ஏங்க, சிமெண்டுக்குப் போடுறதையா வயித்துக்குப் போடுறீங்க?"

"இறுகாம இருக்கத்தானடி போடுறாங்க. நல்லதுதானே!"

அவர் நகலெடுத்தது பாஸ் பேல் ஏலை. அதன் சிவப்பு முக்கோணம்தான் பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம், 1876 ஜனவரி 1. இந்தத் தகவல் சிவகாசிக்காரரான அத்தானின் ரத்தத்தில் ஊறாமல் விடுமா? அவருடைய சித்தப்பா அச்சகக்காரர். உடனே ஊருக்குப் போன் போட்டு லேபிள் அடிக்கச் சொன்னார். டைகர் நகலுக்குப் புலி இருந்த இடத்தில் பூனை, மரம் மட்டும் பனை. பீர் ருசி எப்படியோ, அச்சு அபாரம். நாலு வண்ணமும் இம்மி பிசகவில்லை.

பாட்டிலில் அடைப்பது தனிக்கலை. லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்த்து மூடினால் உள்ளேயே கொஞ்சம் நொதித்து நுரை உண்டாகும். புளிப்பு முடியும் முன் மூடினாலோ, சர்க்கரை கூடினாலோ பாட்டில் வெடிக்கும். இளவயதில் பட்டாசு ஆலையில் மருந்து நிறுத்த கை என்பதால் அத்தானுக்கு இதில் அசாத்தியத் தன்னம்பிக்கை. ஒரு நாள் நடுராத்திரி படார், படார் என்று நாலைந்து. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி ஓடிவந்து கதவைத் தட்டினார். அத்தான் துடைப்பத்தோடு நின்றார். அக்கா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. காலையில் கேட்டதற்கு, "தீபாவளி கனவுன்னு நெனச்சேன்" என்றாள்.

கடைசியில் சோதனை. பீர் ஆலைகளில் செய்வது போல மூன்று டம்ளர். இரண்டில் கடை பீர், ஒன்றில் அத்தானுடையது, வேறாக இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் குடித்து, கொப்பளித்து, மேலே பார்த்து, தவறான டம்ளரைக் காட்டினேன். அத்தான் கண்ணில் நீர் முட்டியது. குடிக்காத அக்கா குனிந்து மூன்றையும் மோந்துவிட்டு, "இது நீங்க செஞ்சது" என்று சரியாகக் காட்டினாள்.

"எப்படிடி?"

"இதுலதான் வாசம் இருக்கு."

அவர் அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் விமான நிலையத்துக்குக் காரில் போகும்போது, அடுத்து சாராயச் சங்காத்தமே இல்லாத ஒன்றை நகலெடுக்கப் போவதாகச் சொன்னார். எதை என்றேன்.

"பொவண்டோ, மாப்ளே."

1916இல் பழனியப்ப நாடார் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் குளிர்பானம்தான் பொவண்டோ. கோக்கும் பெப்சியும் வேண்டாம் என்று 2017இல் வணிகர்கள் முடிவெடுத்தபோது ஊரே திரும்பிப் பிடித்துக்கொண்ட பாட்டில் அது. எங்கள் வீட்டில் காது குத்திலிருந்து கருமாதி வரைக்கும் அதுதான்.

"அத்தான், டைகரை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. பொவண்டோவுல கைய வச்சீங்கன்னா, பொங்கலுக்கு ஊருப் பக்கம் வராதீங்க."

பின்சீட்டிலிருந்து அக்கா சொன்னாள்: "வரட்டும்டா. அப்பயாச்சும் ஃபிரிட்ஜு காலியாகும்."