பால் பொங்கியது யாரால்? வினையியல் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுக்களம் எங்கள் வீட்டு அடுப்படி. ஆய்வுப்பொருள் அரை லிட்டர் பால். ஆய்வாளர், "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று அடுப்பு முன்னால் நிறுத்தப்பட்டு, கைபேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்த அடியேன். பால் வழிந்து பர்னர் அணைந்ததும், "பால் பொங்கிடுச்சு" என்று குரல் கொடுத்தேன்.

அந்த வாக்கியத்தைக் கூர்ந்து நோக்குக. அதில் நான் இல்லை. பால் தானாகவே கிளம்பி, தானாகவே வழிந்திருக்கிறது. விஞ்ஞானமும் ஓரளவு என் கட்சிதான்: புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே ஆடை படர, அடியிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியில்லாமல் நுரையோடு அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது. (இதே வழிதலுக்குத் தை முதல் நாளில் குலவை போடுகிறோம் என்பதையும் நடுவர்கள் குறித்துக்கொள்ளவும்.) ஆனால் அன்று சாயங்காலமே மகன் பாலை வழியவிட்டபோது, "பொங்க விட்டுட்டியேடா!" என்றேன். அதே ஆடை, அதே நீராவி. எழுவாய் மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

இதற்குத் தமிழ் செய்து வைத்திருக்கும் வசதி வியப்புக்குரியது. உடைந்தது, உடைத்தாய். கவிழ்ந்தது, கவிழ்த்தாய். தொலைந்தது, தொலைத்தாய். மெல்லினம் எனக்கு, வல்லினம் அடுத்தவருக்கு. முதல் வகையைத் தன்வினை என்றும் அடுத்ததைப் பிறவினை என்றும் இலக்கணம் சொல்லும். என் கை நழுவிய கண்ணாடி டம்ளருக்கு "உடைஞ்சிடுச்சு" என்று தன்வினை போடும்போது, அந்தத் 'தன்' நான் அல்ல, டம்ளர். வேற்றுமை உருபும் கைகொடுக்கும். நீ மறந்தால் "நீ மறந்துட்ட". நான் மறந்தால் "எனக்கு மறந்துபோச்சு". மறதி என்னும் வழிப்போக்கன் வந்து என்னைத் தாக்கிவிட்டுப் போயிருக்கிறான். அலுவலகக் கடிதங்களில் 'ஏற்பட்டுவிடும்' தாமதங்கள் தனி நூலுக்கு உரியவை.

முன்னோர் ஆதரவும் உண்டு. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஆறாவது இயலான வினையியல் ஒப்புகிறது, நன்னூலும் வழிமொழிகிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களில் ஒன்று திண்ணை. மெழுகிய ஆளை விட்டுவிட்டு, திண்ணையே மெழுகியதாகச் சொல்வது. அங்கே காணாமல் போனவர் குனிந்து நிமிர்ந்து நல்ல வேலை பார்த்தவர். பாராட்டு அவரைச் சேராமல் போன அதே சந்து வழியாகத்தான் நாம் திட்டுக்குத் தப்புகிறோம்.

இக்கலையில் பயிற்சி நடை பழகும் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தை தடுமாறி விழுகிறது. பாட்டி ஓடிவந்து, "இந்தத் தரைதானே தங்கத்த அடிச்சது?" என்று தரைக்கு இரண்டு சாத்து சாத்துகிறாள். அழுகை நிற்கிறது. தரையின் வாக்குமூலம் இதுவரை பெறப்படவில்லை. கூடம் கோணல் என்று சொன்ன ஆட்டக்காரி விஷயத்தில் மட்டும் எனக்கு ஓர் ஆட்சேபம். மூலைமட்டம் வைத்துப் பார்க்காமலே ஊர் சிரித்துவிட்டது; கோணலாகவே இருந்திருந்தால்?

முடிவாக ஒரு செய்முறைச் சோதனை. அடுத்த வாரம் பால் மறுபடி வழிந்தபோது, எழுவாய் சகிதம், "நான்தான் பாலைப் பொங்க விட்டுட்டேன்" என்றேன். அடுப்படியில் அமைதி. மனைவி என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, "என்னங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றாள். சூடு இல்லை என்று தெரிந்ததும் துடைக்கும் துணியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பர்னரைச் சுற்றிப் பால் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. துணிக்கு மசியவில்லை, கரண்டிக் காம்பால் சுரண்ட வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாகத் தன்வினை எனக்கு எவ்வளவு வேலையை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது. சுரண்டுகிற வேகத்தில் முழங்கை எண்ணெய்க் கிண்ணத்தில் இடித்தது.

"என்னங்க அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல, கிண்ணம் கவுந்துடுச்சு" என்றேன்.