ஆலப்பாக்கம் வழியாக மேற்கு வர்ஜீனியா

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒன்றேகால் மணி நேரம். மஞ்சக்குப்பத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவருக்கோ, அது ஒன்பது ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’. ஈகிள்ஸ் குழுவின் அந்தப் பாட்டு 1976இல் வந்தது. ஆறரை நிமிஷம் ஓடும். காரில் வேறு பாட்டுகளும் உண்டு என்றாலும் தூரத்தை அவர் அளப்பது இதை வைத்துத்தான். முதுநகர் நெரிசலிலேயே ஒன்று காலி. ஆலப்பாக்கம் வருவதற்குள் இன்னும் இரண்டு. புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று எண்ணிக்கொண்டே போய், வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது கடைசி கிடார் வர வேண்டும். நாலுவழிச் சாலை வேலை என்று எங்காவது வண்டியைத் திருப்பிவிட்டால் போச்சு. கிடார் முழுவதும் ஒரு மண் லாரிக்குப் பின்னாலேயே வாசித்து முடிந்துவிடும்.

சிப்காட் ரசாயன ஆலைகள் பக்கம் வந்ததும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவது அந்த ரோட்டில் போகிறவர்களின் நெடுநாள் வழக்கம். கண்ணாடி ஏறிய மறுநிமிஷம் கடைக்காரருக்குத் தொண்டை திறக்கும். வீட்டில் அவர் முணுமுணுத்துக்கூட யாரும் கேட்டதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஓர் அமெரிக்கர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

ஏன் இங்கிலீஷ் பாட்டு? காரணத்தைக் கடைக்காரரே சொல்வார், சம்சாரம் பக்கத்தில் இல்லாதபோது. எண்பதுகளின் இளையராஜா சோகப் பாட்டு ஒன்றைக் கண்ணை மூடிக் கொஞ்சம் உருகிப் பாடினால், பக்கத்து சீட்டிலிருந்து விசாரணை தொடங்கிவிடுகிறதாம். “யாரை நெனச்சுப் பாடுறீங்க?” அதே உருக்கத்தை பிரயன் ஆடம்ஸிடம் கொண்டுபோய் வைத்தால் கேள்வியே கிடையாது. தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாலும், “சத்தத்த கொறைங்க, புள்ள தூங்குது” என்பதோடு சரி.

அந்த பிரயன் ஆடம்ஸின் ‘சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்’, 1984இல் வந்த ‘ரெக்லஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது. 1969 கோடையில் கிடார் வாங்கி, பேண்டு சேர்த்து, காதலித்து, எல்லாம் கைவிட்டுப் போன கதை. பாடகர் பிறந்ததோ 1959 நவம்பரில். ஆக, அந்தக் கோடையில் அவருக்கு ஒன்பது வயது. நம்மூரில் நாலாங்கிளாஸ். தலைப்பில் இருப்பது வருஷமே இல்லை என்று அவர் வேறொரு விளக்கமும் கொடுத்திருக்கிறார்; குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் அதை எழுத முடியாது. எப்படியானாலும், கடலூரில் கிடாரையே கையில் தொடாமல் வளர்ந்த ஒருவர் அந்தக் கோடையை நினைத்து ஏங்குவதற்கும் ஆடம்ஸ் ஏங்குவதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஜான் டென்வரின் ‘கன்ட்ரி ரோட்ஸ்’ கதை இன்னும் மேல். 1971இல் வந்த அந்தப் பாட்டில் மேற்கு வர்ஜீனியா சொர்க்கத்துக்குப் பக்கத்து ஊராக இருக்கிறது. எழுதத் தொடங்கிய பில் டேனாஃப், டாஃபி நிவர்ட் ஜோடி அதற்குமுன் அந்த மாநிலத்தில் கால் வைத்ததே கிடையாது. மேரிலாண்டில் க்ளாப்பர் ரோடு என்ற கிராமத்துச் சாலையில் காரில் போகும்போது பிறந்த பாட்டு அது. மாசச்சூசெட்ஸ் பெயரைப் போடலாமா என்றுகூட டேனாஃப் யோசித்திருக்கிறார். பாட்டில் வரும் மலையும் ஆறும் பெரும்பாலும் இருப்பது பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவில். இதற்கெல்லாம் மேற்கு வர்ஜீனியா கோபப்பட்டதா? 2014இல் அதை அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. எழுதியவர்களே பார்க்காத ஊருக்கு ஆலப்பாக்கம் வழியாகக் கடைக்காரர் வீடு திரும்பிக்கொண்டிருந்தால் அவரை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்?

போனி எம் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் குழுவில் ஆடிக் குதித்த பாபி ஃபாரெலைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை பெல்பாட்டம் தைத்துக்கொண்டது. ரெக்கார்டில் கேட்கும் ஆண் குரல் அவருடையதல்ல, தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியனுடையது. ஃபாரெல் வாயசைத்தார். இதே ஃபாரியன் பிற்பாடு மில்லி வனில்லி என்று இரண்டு பையன்களை நிறுத்தி வாயசைக்க விட்டு, விஷயம் வெளியே வந்து, 1990இல் வாங்கிய கிராமி விருதை அதே வருஷம் பறிகொடுக்கும்படி ஆனது. உலகமே வெகுண்டது. டி.எம்.எஸ். பாட சிவாஜி வாயசைத்துப் பழகிய ஊரில் இந்த வெகுளியின் காரணம் பிடிபடுவது கஷ்டம். பாடத் தெரிந்தவர் பாட வேண்டும், முகவெட்டு உள்ளவர் ஆட வேண்டும். இதில் மோசடி எங்கே வந்தது?

சிதம்பரத்தை நெருங்க நெருங்க வேறொரு சங்கடம் இருக்கிறது. அர்த்தம் தெரியாத பாட்டுக்குத் தலையாட்டும் பழக்கத்தை எதிர்த்துக் கொடி பிடித்த ஊர் அது. 1941இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டினார். மேடையில் தெலுங்கும் சம்ஸ்கிருதமுமே ஒலித்த காலத்தில், தமிழன் கேட்கும் பாட்டு அவனுக்குப் புரிய வேண்டாமா என்பது கேள்வி. இசைக்கு மொழி எதற்கு என்று எதிர்த்தரப்பு சொன்னது. கடைக்காரரை அங்கே நிறுத்தியிருந்தால் எதிர்த்தரப்பில் போய் உட்கார்ந்திருப்பார்.

ஆனால் அவர் பக்கமும் ஒரு பெரிய சாட்சி உண்டு. முத்துசுவாமி தீட்சிதர். சிதம்பரம் நடராஜர் மேல் கேதார ராகத்தில் ‘ஆனந்த நடன பிரகாசம்’ செய்தவர். அவரே இளம் வயதில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது, கிழக்கிந்தியக் கும்பெனி பேண்டுகாரர்கள் வாசித்த மெட்டுகளைக் காதில் வாங்கி, அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் தேசிய கீதத்தின் மெட்டு அதில் அம்பாள் துதியாக உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்காரன் மெட்டை எடுத்து நம் வார்த்தையைப் போட்டது தீட்சிதர் வழி. மெட்டோடு வார்த்தையையும் அப்படியே வாங்கி, பாதியை விழுங்கிவிடுவது மஞ்சக்குப்பத்து வழி.

வெள்ளைக்காரன் சத்தம் கடலூருக்குப் புதிதும் அல்ல. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் கும்பெனிக்கே என்று பேச்சு. ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் டிக்கியைத் திறந்து வைத்து ஊஃபர் அலறவிடும் இளைஞர்கள் கும்பெனி சரித்திரத்தைப் படித்திருக்க மாட்டார்கள். முறை மட்டும் அதுதான்.

கரோக்கி என்று வந்தால் சமாசாரம் வேறு. காரில் பாடுகிறவருக்கு ஒரிஜினல் பாடகர் துணைக்கு இருக்கிறார்; மறந்த இடத்தில் அவர் பார்த்துக்கொள்வார். கரோக்கியில் அந்த ஆளைத் தூக்கிவிடுகிறார்கள். இதைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜப்பானில் கோபே நகரத்து டைசுகே இனோவே. மதுக்கடைகளில் வாடிக்கையாளர் பாட, பின்னால் வாசிக்கும் தொழில். ஒரு முதலாளி தன்னோடு வெளியூர் வந்து வாசிக்கச் சொன்னார். போக முடியாத இனோவே பக்கவாத்தியத்தை டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து யோசனை பிடித்து 1971இல் காசு போட்டால் வாசிக்கும் பெட்டி செய்தார். காப்புரிமை வாங்கவில்லை. 2004இல் அவருக்கு நையாண்டி நோபலான இக் நோபல், அதுவும் சமாதானப் பிரிவில் கிடைத்தது: மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி காட்டியதற்காக.

அந்தச் சகிப்பைச் சோதிக்கும் நாள் ஒன்று சிதம்பரத்தில் வந்தது. கடைக்காரரின் மச்சான் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா, நெய்வேலியிலிருந்து வாடகைக்கு வந்த ஸ்பீக்கர், யூடியூபில் கரோக்கி டிராக், எக்கோ திருகு வைத்த ப்ளூடூத் மைக். கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுத்தாளை எடுத்தார். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ முழுவதும் தமிழ் எழுத்தில், மூச்சு விட வேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தது. “தம்பி, ரெண்டு கட்டை எறக்கிப் போடு” என்று மச்சான் மகனிடம் சொல்லிவிட்டு எக்கோவைக் கடைசிவரை திருகினார். எக்கோ இருக்கும்வரை சுருதி எங்கே விலகியது என்று சாட்சி சொல்ல யாராலும் முடியாது.

பாட்டு ஒருவழியாக ஓடியது. அதற்கப்புறம்தான் சிக்கல். டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் சேர்ந்து வாசிக்கும் அந்தக் கடைசி கிடார் இரண்டு நிமிஷத்துக்குப் போகிறது. காரில் அதற்கு ஸ்டியரிங்கில் தாளம் போடலாம். நாற்பது பேருக்கு முன்னால் கையில் மைக்கோடு நிற்கிற ஆள் என்ன செய்வார்? முதலில் கண்ணை மூடினார். பிறகு தலையாட்டினார். கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். திறந்து பார்த்தபோது பாதி நாற்காலி காலி. கீழே பந்தி போட்டுவிட்டார்கள்.

கடைசியில் மச்சானே மைக்கை வாங்கினார். ஓய்வு பெறுகிறவர்கள் உலகெங்கும் பாடும் ‘மை வே’. வாழ்ந்து முடித்த கிழவரின் பாட்டு. ஒரு பிரெஞ்சுப் பாட்டின் மெட்டுக்கு அதை எழுதிய பால் ஆங்காவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. பாடிப் புகழ்பெற்ற சினாட்ராவுக்கே போகப் போக அது சலித்துவிட்டது. பிலிப்பைன்ஸில் கரோக்கிக் கடைகளில் இந்தப் பாட்டை வைத்துத் தகராறு முற்றிக் கொலைவரை போனதால், பல கடைகள் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டன. சிதம்பரத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. மச்சான் நெஞ்சில் கை வைத்துப் பாடிக்கொண்டிருக்கும்போது அவர் மனைவி கடைக்காரரைக் கேட்டார்:

“என்ன தம்பி பாடுறாரு?”

“தன் இஷ்டப்படியே வாழ்ந்துட்டேன்னு சொல்றாருக்கா.”

“இவரா? ஆபீசுல மேலதிகாரி சொன்ன வழி, வீட்டுல நான் சொன்ன வழி. மேல வீதியில ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கப் போனாலும் எனக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் வாங்குவாரு. சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க, ரசம் ஆறுது.”