கேட்டால் சொல்வார்களா?

(சர்வே பற்றி வாசகர் கேள்விகள்)

? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. 8 கோடிப் பேரின் மனதை 1,000 பேரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? (ஈரோடு)

முடியும், பானையைக் கிளறிவிட்டு எடுத்தால். எல்லோருக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி குலுக்கலில் 1,000 பேரைப் பிடித்தால், பிழை பெரும்பாலும் 3 சதவீதம் முன்னே பின்னே நிற்கும். ஊரில் 8 லட்சம் பேர் இருந்தாலும், 8 கோடிப் பேர் இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான். நம்ப முடியாதுதான், கணக்குக்கு நம் நம்பிக்கை தேவையில்லையே.

? அதிகம் பேரிடம் கேட்டால் இன்னும் நல்லதுதானே? (நாகர்கோவில்)

'லிட்டரரி டைஜெஸ்ட்' என்ற அமெரிக்கப் பத்திரிகையும் அப்படித்தான் நினைத்தது. 1936 அதிபர் தேர்தலுக்காக ஒரு கோடி அட்டைகள் அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப் லேண்டன்தான் அடுத்த அதிபர் என்று அடித்துச் சொன்னது. 48 மாநிலங்களில் 46-ஐ அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் அள்ளினார். டைஜெஸ்ட் பெருமளவு நம்பியது டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை. அது பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டுப்போட்ட பலரிடம் இரண்டுமே கிடையாது. போதாததற்கு, அட்டையை நிரப்பி அனுப்பும் அளவுக்கு வேகம் இருந்தது அவர்மீது கோபமாக இருந்தவர்களுக்குத்தான். கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் மிகக் குறைந்த பேரிடம் கேட்டு ரூஸ்வெல்ட் என்றார். டைஜெஸ்ட் எந்த முடிவைச் சொல்லித் தவறப்போகிறது என்பதையும் முன்கூட்டியே சொன்னார். இரண்டே வருடத்தில் பத்திரிகை மூடப்பட்டது.

? காலப் தவறியதே இல்லையா? (விருதுநகர்)

1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமன் தோற்பார் என்றார். ட்ரூமன் ஜெயித்தார். அடுத்த கேள்வி.

? மக்கள் சொல்வதையே செய்வார்களா? (சமூகவியல் மாணவி, மதுரை)

சமூகவியலாளர் ரிச்சர்ட் லபியரைப் படியுங்கள். சீனர்மீது அமெரிக்காவில் வெறுப்பு மிகுந்திருந்த 1930-களின் தொடக்கத்தில், ஒரு சீனத் தம்பதியோடு காரில் நாடு சுற்றினார். 251 விடுதி, உணவகங்களில் முடியாது என்றது ஒன்றே ஒன்று. பின்னர் அதே இடங்களுக்கு, 'சீனர் வந்தால் இடம் தருவீர்களா?' என்று எழுதிக் கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் 'மாட்டோம்' என்றார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் குடைந்தார்கள். நியாயமான குடைச்சல். ஆனாலும் வாய் சொல்வது வேறு, கை செய்வது வேறு என்பதற்கு இதைப் பற்றி 1934-ல் வெளியான அவர் கட்டுரையைத்தான் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

? லஞ்சம் கொடுத்தீர்களா என்றால் யார் ஒப்புக்கொள்வார்? (சேலம்)

பதில் சொல்பவர் கையில் ஒரு காசைக் கொடுங்கள். உங்களுக்குக் காட்டாமல் அவர் சுண்டட்டும். தலை விழுந்தால், கொடுத்தாரோ இல்லையோ, 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 'ஆமாம்' சொன்னவர் கொடுத்தவரா, தலை விழுந்தவரா என்பது உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் பயமில்லை. 1,000 பேரில் 600 பேர் 'ஆமாம்' என்றால், சுமார் 500 தலையின் உபயம். மீதி 100 பேர், பூ விழுந்த 500 பேரில் லஞ்சம் கொடுத்தவர்கள்: ஐந்தில் ஒருவர். இந்த வழிக்கு 1965-ல் வித்திட்டவர் ஸ்டான்லி வார்னர். அவர் முறை இன்னும் சுற்றுவழி; நான் சுலபமானதைச் சொன்னேன்.

? என் ஆய்வுக்கு வாட்ஸ்அப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பி 200 பதில் வாங்கிவிட்டேன். தலைப்பு: 'தமிழக இளைஞர்களின் மனநிலை'. சரிதானே? (திருச்சி)

'என் தோழிகளின் மனநிலை' என்று மாற்றினால் சரி.

? கேள்வித்தாளில் எத்தனை கேள்வி வைக்கலாம்? (அதே திருச்சி)

1880-ல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காகக் கார்ல் மார்க்ஸ் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். கூலி, வேலை நேரம், விபத்து என்று சுமார் நூறு கேள்விகள். 25,000 பிரதிகள் அச்சாயின. வந்த பதில்கள் சொற்பம். பன்னிரண்டு மணி நேரம் உழைத்து வந்தவர் உட்கார்ந்து பரீட்சை எழுதுவாரா? நீங்கள் இருபதோடு நிறுத்துங்கள்.